படத்தில் நிற்கும் பழைய சிறு விமானம் யாருடையது, கடைசியில் என்ன ஆனது?

திருவனந்தபுரத்தில் தாத்தா எடுத்துக்கொண்ட படத்தில் ஒரு சிறு விமானம் இருக்கிறது, அது யாருக்குச் சொந்தம், எங்கே போனது என்று கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் விமானத்தைத் தேடாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள்.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பில் ஆங்கிலத்தில் ‘வி.டி.’ (VT, இந்திய விமானம் என்பதற்கான குறி), ஒரு கோடு, அப்புறம் மூன்று எழுத்து இருக்கும். அதுதான் பதிவு. இரண்டு அடுக்கு இறக்கை என்றால் டைகர் மோத் ஆக இருக்கலாம். அவற்றில் பல, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் விமானப்படையிலிருந்து, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஃபிளையிங் கிளப்களுக்கு வந்தவை. தலைக்கு மேலே ஒற்றை இறக்கை, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, வாலடியில் குட்டிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் புஷ்பக். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் செய்தது, 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது, 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின்.

எங்கள் ஊர் களியக்காவிளை. சித்தப்பா ஒரு ஃபிளையிங் கிளப் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், மெக்கானிக்காக இருந்தவர். புஷ்பக்கின் உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே போர்த்தியது துணி. துணியை இழுத்து ஒட்டி டோப் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சைப் பூசினால், காயக் காய முரசுத்தோல் போல இறுகும். அவர் நகத்தால் சுண்டிப் பார்த்து, சத்தத்திலேயே துணி தளர்ந்த இடத்தைச் சொல்லிவிடுவார். வால் பக்கத்துக் கீழ்க் குழாய்கள்தான் அவருக்குப் பெரிய கவலை. தண்ணீர் இறங்கித் தேங்குவது அங்கேதான். திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டியே சங்குமுகம் கடல் இருக்கும்போது உப்புக் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? துணி பளபளவென்று இருக்கும், உள்ளே இரும்பு அரித்துக்கொண்டிருக்கும்.

“மக்களே, மொதல்ல பொஸ்தகம் எங்கன்னு கேளு, மெஷின் அப்பறம்” என்பார். பொஸ்தகம் என்றால் லாக் புக், பறந்த நேரமும் பார்த்த வேலையும் எழுதும் பதிவேடு: உடம்புக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. முழுக்கப் பிரித்துச் சரிபார்க்கும் ஓவர்ஹாலுக்கு நாள் வந்து காசு இல்லாமல் ஒரு விமானம் நின்றால், அதன் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். எஞ்சின் புத்தகமும் கூடவே போய்விடும். அடுத்து புரொபெல்லர், சக்கரம், மீட்டர்கள். பறக்கத் தகுதிச் சான்றிதழ் காலாவதியாகும். அவர் கைப்பட வளர்த்த புஷ்பக் அப்படித்தான் போனது: மிச்சமிருந்த சட்டத்தை டெண்டரில் இரும்பு விலைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டார்கள். விழுந்து நொறுங்கிய விமானத்துக்காவது ஒரு விசாரணை அறிக்கை இருக்கும். இதற்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, உரிமையாளர் விஷயம். பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் விமானத்தை ஓட்டிய கிளப்பின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில புஷ்பக்குகள் அரசு வாங்கி கிளப்களுக்கு இரவலாகக் கொடுத்தவை. அதனால் டெல்லியில் இருக்கும் அரசுப் பதிவேட்டில் ஒரு பெயர் கிடைக்கும், ஊரில் வேறு பெயர் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். பதிவு எழுத்தோடு, ஆலையில் போட்ட வரிசை எண்ணையும் தேடிப் பிடித்தால் குழப்பம் குறையும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது பழைய பைலட்களின் சொந்த லாக் புக். பறந்த ஒவ்வொரு முறையும் தேதி, விமானத்தின் வகை, பதிவு எழுத்து, எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம் என்று கையால் எழுதியிருப்பார்கள். கிளப்பின் கோப்பு கரையானுக்குப் போயிருந்தாலும் வீட்டுப் பீரோவில் அது கிடக்கும். உங்கள் தாத்தா பறக்கக் கற்றவரா, சும்மா பக்கத்தில் நின்றவரா என்பதை முதலில் வீட்டில் கேளுங்கள். கற்றவர் என்றால் அந்தப் புத்தகம் வேண்டும். இல்லையென்றால் படத்தில் கூட நிற்பவர்களின் பெயரை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.