சவ்வு மட்டும் இருந்தால் செல்லுக்குப் போதாதா?

கேள்வி: பாடப்புத்தகத்தில் செல் சவ்வு ஒரு பக்கம், சைட்டோஸ்கெலிட்டன் எனப்படும் செல் சட்டகம் வேறொரு பக்கம் என்று தனித்தனியாக இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன தொடர்பு? சவ்வு மட்டும் இருந்தால் செல்லுக்குப் போதாதா?

போதாது. ஏன் என்று சொல்ல நான் சிவப்பணுவை எடுத்துக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் தினமும் பார்ப்பது அதைத்தான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் நியூக்ளியஸ் கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது, சட்டகத்தின் குழாய் போன்ற இழைகளான மைக்ரோடியூபூல்கூடக் கிடையாது. ஹீமோகுளோபின் கரைசல், அதைச் சுற்றிச் சவ்வு, சவ்வின் உட்புறத்தை ஒட்டி ஒரு புரத வலை, அவ்வளவுதான். சவ்வும் சட்டகமும் ஒன்றுக்கொன்று என்ன செய்கின்றன என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான செல் இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிவப்பணுவின் கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). இதை ஒரு உருண்டைக்குள் அடைக்க 97 சதுர மைக்ரான் மேற்பரப்பு போதும். ஆனால் சிவப்பணுவின் சவ்வு சுமார் 140 சதுர மைக்ரான். அதாவது தேவைக்கு மேல் 40 சதவீதத்துக்கும் அதிகமான சவ்வு அதனிடம் இருக்கிறது. நடுவில் குழிந்த தட்டு வடிவம் அதனால்தான் சாத்தியமாகிறது.

இந்த உபரி எதற்கு? சிவப்பணுவின் விட்டம் 8 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. அது நுழைய வேண்டிய தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில் சில 3 மைக்ரான்தான் இருக்கும். மண்ணீரலில் இன்னும் மோசம்: அங்குள்ள பிளவுகளின் அகலம் ஒரு மைக்ரான் அளவுதான். முழுக்கத் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பையை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைக்க முடியாது. பாதி நிரம்பிய பையை மெல்ல அழுத்தி நுழைத்துவிடலாம். சிவப்பணு தன் 120 நாள் வாழ்க்கை முழுவதும் இந்தப் பாதி நிரம்பிய நிலையிலேயே இருந்தாக வேண்டும்.

இங்கேதான் சவ்வின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சவ்வு என்பது அடிப்படையில் லிப்பிட், அதாவது கொழுப்பு மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. அது எளிதாக வளையும். ஆனால் அதை இழுத்துப் பெரிதாக்க முடியாது. பரப்பு மூன்று நான்கு சதவீதம் கூடினாலே கிழிந்துவிடும். இரட்டை அடுக்கு என்பதையே சிவப்பணுவை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1925இல் ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்து, தண்ணீர் மேல் ஒற்றை மூலக்கூறு படலமாகப் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு வந்தது. அசிட்டோன் கொழுப்பை முழுதாக எடுக்கவில்லை, உலர்ந்த செல்லை அளந்ததால் மேற்பரப்புக் கணக்கும் குறைவாகவே வந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன என்பது பின்னால் தெரிந்தது. முடிவு என்னவோ சரிதான்.

அப்புறம் 1970இல் ஃப்ரை, எடிடின் இருவரும் எலி செல்லையும் மனித செல்லையும் இணைத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் 40 நிமிடத்துக்குள் இரண்டு பக்கத்துப் புரதங்களும் கலந்துவிட்டன. சவ்வு திரவம் போன்றது என்பதற்கு அது நல்ல ஆதாரம். திரவம் போன்ற லிப்பிட் அடுக்கில் புரதங்கள் பதிந்து மிதக்கின்றன என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த ஃப்ளூயிட் மொசைக் மாடலைத்தான் நீங்கள் இப்போது படிக்கிறீர்கள்.

சரி, திரவமாக இருப்பது தனக்கென்று ஒரு வடிவத்தை எப்படிப் பிடித்துவைக்கும்? வைக்காது. வடிவத்தைத் தருவது அடியில் இருக்கும் வலைதான். அந்த வலையின் முக்கிய இழை ஸ்பெக்ட்ரின். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு நீளப் புரதங்கள் பின்னிக்கொண்டு, இரண்டு ஜோடிகள் தலையோடு தலை சேர்ந்து, முழுக்க நீட்டினால் சுமார் 200 நானோமீட்டர் வரும். செல்லுக்குள் அது சுருங்கி மடங்கிக் கிடக்கிறது. அதனால் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். இழைகளின் முனைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் குட்டையான துண்டுகளில் சந்திக்கின்றன. ஒரு சந்திப்புக்குப் பெரும்பாலும் ஆறு இழைகள் என்பதால் வலை அறுகோண அமைப்பாகத் தெரியும்.

வலை சும்மா சவ்வின் கீழே கிடந்தால் பயனில்லை, சவ்வோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கட்டு எனக்கு மிகவும் பிடித்த இடம். பேண்ட் 3 என்ற புரதம் சவ்வைத் துளைத்து நிற்கிறது. ஒரு செல்லில் ஏறக்குறைய பத்து லட்சம் இருக்கும். பைகார்பனேட்டைக் கொடுத்து குளோரைடை வாங்குவது அதன் வேலை. நாம் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடில் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போய்ச் சேர இந்தக் கைமாற்றம் தேவை. அதே பேண்ட் 3இன் வால் பகுதியை ஆங்கைரின் என்ற இன்னொரு புரதம் பிடித்து, கீழே ஸ்பெக்ட்ரினோடு இணைக்கிறது. கதவாக இருக்கும் புரதமே நங்கூரமாகவும் இருக்கிறது! சவ்வுக்கு ஒரு அத்தியாயம், சட்டகத்துக்கு ஒரு அத்தியாயம் என்று பிரித்துப் படிக்கும்போது இதைத்தான் தவறவிடுகிறோம்.

இதற்கு நேரடியான சாட்சிகள் உண்டு. சிவப்பணுவின் உள்ளடக்கத்தை வெளியேற்றிவிட்டு, மிச்சமிருக்கும் உறையை டிரைட்டன் என்ற டிடர்ஜெண்டில் போட்டால் லிப்பிட் கரைந்துவிடும். வலை கரையாது, செல்லின் உருவத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். மறுபக்கம், ஸ்பெக்ட்ரின் குறைபாடுள்ள எலிகளின் சிவப்பணுக்களை 1980இல் ஆராய்ந்தபோது, சவ்வுப் புரதங்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாக நகர்வது தெரிந்தது. வலை இருக்கும்வரை, திரவமான சவ்விலும் புரதங்களால் இஷ்டத்துக்கு அலைய முடியாது.

கட்டு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஸ்லைடுகளிலேயே பார்க்கலாம். ஹெரிடிட்டரி ஸ்பெரோசைட்டோசிஸ் என்ற பரம்பரை நோயில் ஆங்கைரின், பேண்ட் 3, ஸ்பெக்ட்ரின் ஆகியவற்றில் ஏதோ ஒன்று குறைவாகவோ பழுதாகவோ இருக்கும். கீழே பிடிமானம் இல்லாத சவ்வு சிறு சிறு குமிழிகளாகக் கழன்று போகும். உள்ளே இருப்பது குறையாது, உறை மட்டும் குறையும். நான் சொன்ன அந்த 40 சதவீத உபரி இப்படித்தான் கரைகிறது. தட்டு உருண்டையாகிவிடும். கண்ணாடி ஸ்லைடில் ரத்தத்தை மெல்லியதாகத் தடவி லீஷ்மன் சாயம் போட்ட ஸ்மியரில் சாதாரண சிவப்பணுவின் நடுவே வெளிறிய வட்டம் தெரியும். இவற்றில் அது இருக்காது. சின்னதாக, அடர்த்தியாக, ஒரே நிறத்தில் இருக்கும்.

உருண்டைகளால் மண்ணீரலின் பிளவுகளைத் தாண்ட முடியாது. அங்கேயே மாட்டி, பழுதான செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கு இரையாகின்றன. ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மண்ணீரல் வீக்கம், சிறு வயதிலேயே பித்தப்பைக் கல் எல்லாம் இதன் தொடர்ச்சி. கடுமையான நோயாளிகளுக்கு மண்ணீரலை அகற்றுவார்கள். அகற்றிய பிறகும் செல்கள் உருண்டையாகத்தான் இருக்கும், ஆனால் முன்பைவிட அதிக நாள் வாழும், ரத்தசோகை சரியாகும். சின்னக் குழந்தைகளுக்குத் தொற்று அபாயம் அதிகம் என்பதால் கூடுமானவரை ஐந்தாறு வயதுவரை தள்ளிப்போட்டு, முன்கூட்டியே தடுப்பூசிகளும் போடுவார்கள். குடும்பத்தில் சிலருக்கு இளவயதில் பித்தப்பைக் கல்லும் அடிக்கடி காமாலையும் வந்திருந்தால், மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆஸ்மாட்டிக் ஃப்ரஜிலிட்டி டெஸ்ட் இந்த உபரியை நேரடியாகவே அளக்கும் சோதனை. 0.9 சதவீத உப்புக் கரைசலில் தொடங்கி, படிப்படியாக உப்பு குறைந்த கரைசல்களை டியூப்களில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரத்தம் விடுவோம். உப்பு குறையக் குறையச் செல்லுக்குள் தண்ணீர் ஏறும். சாதாரண ரத்தம் 0.5 சதவீதத்தை ஒட்டித்தான் உடையத் தொடங்கும், அதுவரை வீங்க இடம் இருக்கிறது. ஸ்பெரோசைட்டுகள் எனப்படும் இந்த உருண்டைச் செல்களுக்கு அந்த இடம் இல்லை. அதற்கு முந்தைய டியூப்களிலேயே மேலே தெளிந்த நீர் சிவந்துவிடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தை 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டுச் செய்வோம், வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

மற்ற செல்களில் கதை இன்னும் விரிவானது. ஆக்டினோடு இடைநிலை இழைகள், மைக்ரோடியூபூல்கள் எல்லாம் இருக்கும். சவ்வோடு கட்டும் தேவை மட்டும் மாறாது. தசை செல்லில் டிஸ்ட்ரோஃபின் அந்த வேலையைச் செய்கிறது, அது ஸ்பெக்ட்ரினுக்கு உறவுக்காரப் புரதம். அது இல்லாத டுஷேன் என்ற தசைச் சிதைவு நோயில், தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வு சிதைந்து, தசைக்குள் இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற என்சைம் ரத்தத்தில் கசியும்.

பரீட்சைக்குப் படிக்கிறீர்கள் என்றால், பேண்ட் 3, ஆங்கைரின், ஸ்பெக்ட்ரின், ஆக்டின் என்று மேலிருந்து கீழாக ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். சவ்வுக்கும் வலைக்கும் இடையிலான செங்குத்துக் கட்டு அறுந்தால் செல் உருண்டையாகும். வலைக்குள்ளேயே ஸ்பெக்ட்ரின் ஜோடிகள் ஒன்றோடொன்று சேராமல் போனால் செல் இழுபட்டுத் திரும்ப முடியாமல் நீள்வட்டமாக நின்றுவிடும், அதற்கு எலிப்டோசைட்டோசிஸ் என்று பெயர்.