தார் எஸ் சலாமில் குடித்தனம்: லுக்கு மீட்டர், காக்கா, சீலா மீன்

"வேலைக்காக ஆப்பிரிக்க நகரம் ஒன்றில் குடியிருப்பவர்கள் அன்றாடம் படும் பாடு என்ன, அனுபவிக்கும் சந்தோஷம் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்கா பெரிய கண்டம். எனக்குத் தெரிந்த ஒரே ஊர் தான்சானியாவின் தார் எஸ் சலாம், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கணவருக்கு முந்திரி ஏற்றுமதியில் வேலை. தெற்கே முட்வாராப் பக்கம் விளையும் முந்திரிக்கொட்டை உடைக்காமல் அப்படியே மூட்டை மூட்டையாக இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. அதில் ஒரு பங்கு இறங்குவது எங்கள் தூத்துக்குடியில்தான். கொட்டை போகிற வழியில் எதிர்த்திசையில் நாங்கள் வந்தோம். இங்கேயும் கடற்கரை, இங்கேயும் உப்புக்காற்று, இங்கேயும் சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கம். இட்லி மாவு பொங்குவதற்கு யாரும் கவலைப்பட வேண்டாம், வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் மாவு அரைக்க மின்சாரம் வேண்டும். இங்கே மின்சாரத்துக்கு மாதக் கடைசியில் பில் வராது, முதலிலேயே காசு கட்ட வேண்டும். செல்போனில் பணம் அனுப்பினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் அழுத்தினால் யூனிட் ஏறும். இதற்கு லுக்கு என்று பெயர். நல்ல ஏற்பாடுதான், கடன் பாக்கி என்ற பேச்சே இல்லை. ஆனால் லுக்கு தீர்வதற்கு நேரங்காலம் கிடையாது. ஒருநாள் இரவு உளுந்து அரைத்து முடித்து அரிசியைப் போட்ட நிமிடம் கிரைண்டர் நின்றது. என் போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கணவரைக் கூப்பிட்டேன். முட்வாராவில் இருந்தவர் அங்கிருந்தே பணம் கட்டி, வந்த எண்ணை ஒவ்வொன்றாக வாசிக்க, காவலாளிப் பெரியவர் டார்ச் பிடிக்க, நான் அழுத்தினேன். விளக்கு எரிந்ததும் பெரியவர் கைதட்டினார். அதற்குள் ஊறிய அரிசிக்குக் கோபம் வந்துவிட்டதோ என்னவோ, மறுநாள் இட்லி கல்லாகத்தான் வந்தது.

அப்புறம் நேரம். இந்த ஊர் மொழியான ஸ்வாஹிலி பேசுகிறவர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். இந்த ஊர் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. அதனால் வருடம் முழுக்க 6 மணியை ஒட்டியே விடியும், 6 மணியை ஒட்டியே இருட்டும். நம் கடிகாரத்தின் காலை 7 அவர்களுக்கு மணி 1, பத்து என்றால் 4. உதயாதி நாழிகை பார்த்து ஜாதகம் கணித்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலையில் எப்போதும் ஆறைக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் பேசும்போதுதான் வம்பு. சிலர் மணியை நம் கணக்குக்கு மாற்றிச் சொல்வார்கள், சிலர் ஸ்வாஹிலி எண்ணையே அப்படியே மொழிபெயர்த்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வடக்கே இருக்கும் அருஷா நகரத்துக்குப் பஸ் டிக்கெட் எடுத்தது. கையால் எழுதிய சீட்டில் 12 என்று இருந்தது. நிதானமாகச் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு, பகல் 12 மணி பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாகவே நிலையத்துக்குப் போய் நின்றார்கள். அந்த 12 விடிகாலை 6 மணி. இவர்கள் நின்ற நேரத்தில் பஸ் பாதி வழியைத் தாண்டியிருந்தது. சாம்பார் சாதத்தை நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டால், "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா?" என்று கேட்டுவிடுவோம். பதிலில் குழப்பமே வராது.

சில்லறைத் தட்டுப்பாடு தினசரிக் கூத்து. இங்கே பெரிய நோட்டே 10,000 ஷில்லிங்தான், நம் பணத்தில் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். அதை நீட்டினால் பஜாஜி ஓட்டுநர் (நம்மூர் ஆட்டோதான், கம்பெனிப் பெயரே இங்கே வண்டியின் பெயராகிவிட்டது) நம்மை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, நோட்டோடு இறங்கித் தெருவில் மறைந்துவிடுவார். முதலில் பதறினேன். ஒவ்வொரு முறையும் சில்லறையோடு திரும்பி வந்தார்கள். நடுவில் தெருவில் இருக்கிற அத்தனை பேரிடமும் நலம் விசாரித்து முடித்துவிட்டுத்தான் வருவார்கள், அது வேறு விஷயம். நலம் விசாரிக்காமல் இந்த ஊரில் எந்தக் காரியமும் தொடங்காது. கடைக்குள் போனதும் "உப்பு இருக்கா?" என்று கேட்பவரை மரியாதை தெரியாதவர் என்றுதான் நினைப்பார்கள். பெரியவர்களைப் பார்த்தால் சின்னவர்கள் "ஷிகமோ" சொல்ல வேண்டும், பெரியவர் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரு டாலாடாலா மினிபஸ்ஸின் கண்டக்டர் பையன் என்னைப் பார்த்து முதல்முறை "ஷிகமோ" சொன்னான். மரஹபா சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நரைமுடி தேடினேன்.

அத்தை, அதாவது என் மாமியார், வந்திருந்த மாதங்கள்தான் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. தொடங்கியதே விமான நிலையத்தில். தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் கேரி பைகளுக்குத் தடை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் கொண்டுவரக் கூடாது. அத்தையோ பருப்புப்பொடி, கருவாட்டுப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் ஒவ்வொன்றையும் மூன்று கேரி பைக்குள் சுற்றிக் கட்டியிருந்தார். அங்கிருந்த பெண் அதிகாரி சிரித்த முகத்தோடு பைகளை மட்டும் உருவிக்கொண்டு பண்டங்களைத் திருப்பிக் கொடுத்தார். வீடு வரைக்கும் கார் முழுக்கக் கருவாட்டு வாசனை.

வந்த வாரமே அமாவாசை. மாடியில் சோறு வைத்து "கா கா" என்று கூப்பிட்டார். நான் சொல்ல வேண்டாமென்று இருந்தேன், ஆனால் காக்காய் வராமல் போகுமோ என்ற கவலை இந்த ஊரில் தேவையே இல்லை. இங்கே பறப்பது அசல் நம்மூர்க் காக்கா, சாம்பல் கழுத்து உள்ளது. 1890-களில் எதிரே இருக்கும் சன்சிபார் தீவில் குப்பையைத் தின்று ஊரைச் சுத்தம் செய்யட்டும் என்று இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி, கடல் தாண்டி இந்தக் கரைக்கும் வந்து, உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. விஷம் வைத்தும் கூண்டு வைத்தும் பார்த்தார்கள், ஒழியவில்லை. ஆகவே அத்தை ஒருமுறை கூப்பிட்டதற்கு நாற்பது ஐம்பது வந்து இறங்கிவிட்டன. காவலாளிப் பெரியவர் கம்பை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தார். அவர் விரட்ட, அத்தை அவரை விரட்ட, நான் நடுவில் நின்று எனக்குத் தெரிந்த ஸ்வாஹிலியில் "இது எங்கள் தாத்தா பாட்டிக்கான சாப்பாடு" என்று விளக்கினேன். பெரியவர் கம்பைக் கீழே வைத்துவிட்டார். காக்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு பேரா?" என்றார்.

அத்தையை இந்த ஊரோடு சேர்த்து வைத்தது கிவுகோனி மீன் சந்தை. துறைமுக வாய்க்குப் பக்கத்தில், கிகம்போனிக்குப் போகும் படகுத்துறையை ஒட்டி இருக்கிறது. விடிந்ததும் படகுகள் வந்துவிடும். குவியல் குவியலாக மீனைக் கொட்டி ஏலம் போடுவார்கள். சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்துப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் கணவாயும் ஆக்டோபஸும், இன்னொரு பக்கம் பெரிய எண்ணெய்ச் சட்டிகளில் மீன் பொரிகிறது. தரை முழுக்கச் செதில், செருப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் போக வேண்டாம். சென்னைக்காரர்களின் வஞ்சிரம், எங்கள் ஊரின் சீலா, இங்கே ங்குரு. அத்தைக்கு ஸ்வாஹிலியில் ஒரு சொல் தெரியாது. செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், முகம் சுளித்தார், அடுத்த ஆளிடம் போனார். மூன்றாவது ஆள் தானாகவே அடியிலிருந்து வேறு மீனை எடுத்து வைத்தார். விலையும் விரலிலேயே படிந்தது. அதே மீனுக்கு நான் எப்போதும் கொடுத்து வந்த விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் இந்தக் கரையும் தேங்காய்க் கரைதான். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, தேங்காய்ப்பாலில் முளைக்கீரை. துவரையை முழுசாகத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்த மாண்டாசி என்ற பன்னோடு காலைப் பலகாரமாகச் சாப்பிடுகிறார்கள். நாம் துவரையைச் சாம்பாருக்கு மட்டும் ஒதுக்கி வைத்தது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடற்கரையில் சுட்ட மரவள்ளிக்கிழங்கு, மிளகாய்ப்பொடி உப்பு தூவிய மாங்காய்க் கீற்று, சைக்கிளில் வரும் இளநீர். ரமலானில் மேல்வீட்டு அம்மா தேங்காய்ப்பாலில் சமைத்த சேப்பங்கிழங்கும், பாகில் புரட்டிய கைமாட்டி உருண்டையும் அனுப்புவார். நாங்கள் பால்கொழுக்கட்டை அனுப்பினோம். "எங்கள் ஊர்ப் பண்டத்தை நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்.

மழைக்காலம் மட்டும் சிரமம். மார்ச் முதல் மே வரை கொட்டும். உம்சிம்பாசி ஆறு பெருகினால் ஜங்வானியில் சாலை மூழ்கி, ஊரின் இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் போக்குவரத்து நின்றுவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை வயிற்றில் புளி கரையும். இதற்குப் பழக்கமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் வரப்போகிறவர் என்றால் ஒரு யோசனை. பெட்டியில் அரிசி பருப்பை அடைக்காதீர்கள். கிசுட்டு பக்கம் குஜராத்திக் கடைகளில் உளுந்து முதல் பெருங்காயம் வரை எல்லாம் இருக்கிறது, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காய்கறிச் சந்தையிலேயே கிடைக்கும். கிரைண்டருக்கு ஒரு மாற்று பெல்ட், மிக்சி ஜாருக்கு வாஷர், மூன்று சதுரக் கால் உள்ள பிளக்குக்கு இரண்டு அடாப்டர் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டுங்கள்.