பாகம் பிரிந்த பிரிட்டன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது குறித்து ஒரு வாசகருக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்பதை மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்கள் உணர்த்தின. அவற்றுள் சிலவற்றுக்காக இந்த வாரப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில், பிரிட்டன் விலகியது சரியே என்ற அணியில் பேசினேன். பெரும்பான்மை மக்கள் முடிவு சொன்ன பிறகும், தோற்றவர்கள் மூன்றரை ஆண்டுகள் ஊர்வலமும் வழக்குமாக அதை இழுத்தடித்தது மக்களாட்சிக்கு அழகல்ல என்பதுதான் என் முதன்மை வாதம். நடுவர் அதை ஏற்கவில்லை. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், தல்லாகுளம், மதுரை)

பதில்: தம்பி, உங்கள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 72 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். விலக வேண்டும் என்றவர்கள் 1,74,10,742 பேர். நீடிக்க வேண்டும் என்றவர்கள் 1,61,41,241 பேர். ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் வாக்கு வேறுபாட்டைச் சிறிது என்று ஒதுக்க முடியாது. தோற்ற அணியில் சிலர், விலகச் சொன்னவர்கள் விவரமறியாதவர்கள் என்று பேசினார்கள். சுரங்கமும் நூலாலையும் மூடப்பட்டு, பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியேறிவிட்ட வட இங்கிலாந்து ஊர்களில் பலர், தங்கள் குரல் லண்டனில் எடுபடுவதில்லை என்ற கோபத்தோடுதான் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ஆலைச் சங்கு நின்றுபோன பிறகு ஒரு பகுதி என்னவாகும் என்பதை மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கோபத்தை அறியாமை என்று அழைத்தது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

இனி மறுபாதி. வாக்குச்சீட்டில் இருந்தது ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்ற ஒரே கேள்விதான். விலகினால் எங்கே போய் நிற்பது என்று அதில் கேட்கப்படவில்லை. நார்வேயைப் போல உறுப்பினராக இல்லாமலேயே, சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் பொதுவான ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்க வரி இல்லாமல், வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் தொடரலாம். கனடாவைப் போல ஒரு வணிக உடன்பாட்டோடு நின்றுகொள்ளலாம். எந்த உடன்பாடும் இல்லாமல் வெளியேறலாம். இவை நான்கும் வெவ்வேறு திசைகள். விலகுங்கள் என்று வாக்களித்தவர்களுள் நான்குக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். உங்கள் பட்டிமன்றத்தில் அணிகள் இரண்டு. அங்கேயோ வென்ற அணிக்குள்ளேயே நான்கு அணிகள்.

ஆகவே இழுத்தடித்தவர்கள் தோற்றவர்கள் மட்டும்தான் என்பது பொருந்தாது. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் உடன்பாட்டை நாடாளுமன்றம் 2019 ஜனவரி 15 அன்று 432-க்கு 202 என்ற கணக்கில் தோற்கடித்தது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் நீடிப்பை விரும்பியவர்களும் இருந்தார்கள். இந்த விலகல் போதாது என்று சினந்த அவருடைய சொந்தக் கட்சியினரும் நூற்றுக்கு மேல் இருந்தார்கள். மார்ச் மாதத்தில் அதே உடன்பாடு மேலும் இரண்டு முறை தோற்றது. உங்களுக்கு வேறு என்னதான் வேண்டும் என்று அறிய, மார்ச் 27 அன்று எட்டு வழிகளை வரிசையாக வைத்து வாக்கெடுத்தார்கள். எட்டுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகள் வைக்கப்பட்டன. சுங்க ஒன்றியத்தில் தொடரும் வழி மூன்றே வாக்குகளில், 273-க்கு 276 என்று தோற்றது. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சினம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய ஒன்றை, ஊரைக் கூட்டிக் கையெழுத்தும் வாங்கிய பிறகு பேசத் தொடங்கியிருந்தார்கள்.

வழக்குகளைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, விலகல் அறிவிப்பைக் கொடுக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதே. விலகக் கூடாது என்று அது சொல்லவில்லை. 2019 செப்டம்பரில், போரிஸ் ஜான்சன் அரசு நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு முடக்கிவைத்தது செல்லாது என்று 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். வாக்கெடுப்பில் வென்றதாலேயே நாடாளுமன்றத்தைப் பூட்டும் உரிமை ஒருவருக்கு வந்துவிடாது. உங்கள் நடுவர் எதைக் கருதி உங்கள் வாதத்தை ஏற்க மறுத்தாரோ அறியேன்; நானாக இருந்தால் இதற்காகவே மறுத்திருப்பேன்.

கேள்வி: பொது வாக்கெடுப்பே தவறான முறை என்கிறீர்களா? நம் நாட்டில் அப்படி எதுவும் நடந்ததில்லையா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: முறை தவறன்று. இரண்டு பக்கத்துக்கும் சேருமிடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. 1967 ஜனவரி 16 அன்று கோவா மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மகாராஷ்டிரத்தோடு இணைவதா, டெல்லி அரசின் நேரடிப் பொறுப்பில் ஒன்றியப் பகுதியாகத் தனித்து இருப்பதா என்பதே கேள்வி. பூச் சின்னத்துக்கு வாக்களித்தால் இணைப்பு, இரண்டு இலைச் சின்னத்துக்கு வாக்களித்தால் தனித்திருத்தல். 34,021 வாக்கு வேறுபாட்டில் தனித்திருக்கும் முடிவு வென்றது. அங்கும் வீட்டுக்கு வீடு சண்டை இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

பிரிட்டனே 1975-இல் இதைச் சரியாகச் செய்திருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1973 ஜனவரி 1 அன்று, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது பிரிட்டன். இரண்டே ஆண்டுகளில், இருக்கலாமா என்று பிரதமர் ஹெரால்டு வில்சன் மக்களைக் கேட்டார். வேண்டாம் என்றால் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அந்த நிலை எல்லோருக்கும் தெரிந்தது. 67 விழுக்காட்டினர் இருக்கலாம் என்றனர். 2016-இல் அப்படித் திரும்பிப் போக ஒரு பழைய வீடு இல்லை. 43 ஆண்டுகளில் மீன்பிடி உரிமை முதல் மருந்துகளுக்கான அனுமதி வரை எல்லாமே ஒன்றிய விதிகளோடு பின்னிக் கிடந்தன.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருகிறேன். அயர்லாந்து எல்லை என்ற ஒரே விஷயத்தில் எல்லாப் பேச்சுவார்த்தையும் முட்டி நின்றதாகப் படித்தேன். இவ்வளவு பெரிய பிரிவினையில் அது ஏன் அவ்வளவு பெரிதானது என்று விளக்க வேண்டுகிறேன். (பத்திர எழுத்தர், திருமங்கலம்)

பதில்: ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நஞ்சை, புஞ்சை, வீடு எல்லாவற்றையும் பங்கு வைத்துத் தபசில் எழுதி முடிப்பது எளிது. கிணறு என்று வந்தவுடன்தான் பேனா நிற்கிறது. கிணற்றை வெட்டிப் பங்கு போட முடியாது. யார் எந்த முறையில் தண்ணீர் இறைப்பது என்று முறைநீர் எழுத வேண்டும். கடைசிப் பங்காளி தன் காட்டுக்குப் போக மாமூல் வண்டிப்பாதைப் பாத்தியம் எழுத வேண்டும். வாடிப்பட்டிப் பக்கம் என் பாட்டனார் வழியில் நடந்த ஒரு பாகப்பிரிவினையில் அந்தப் பாதையைக் குறிப்பிட மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காக இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

பிரிட்டனுக்கு அந்தக் கிணறும் பாதையும் வட அயர்லாந்து. தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பு நாடு. வடக்கு பிரிட்டனைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை; அதைக் கடக்க 200-க்கும் மேற்பட்ட சாலைகள். சில இடங்களில் ஒரே உழவரின் நிலம் இரண்டு பக்கமும் கிடக்கிறது. வடக்கு பிரிட்டனோடு இருப்பதா, தெற்கோடு சேர்வதா என்று 1960-களின் இறுதியிலிருந்து முப்பது ஆண்டுகள் நடந்த மோதலில் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி உடன்பாடு அந்தக் கொலைகளுக்கு முடிவு கட்டியது. அதன் பிறகு எல்லையில் இருந்த படைக் காவல் மேடைகள் அகற்றப்பட்டன. இரண்டு பக்கமும் ஒரே சந்தை விதிகளின் கீழ் இருந்ததால் சுங்கச் சாவடிக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

பிரிட்டன் ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறினால் சரக்கை எங்காவது சோதித்தாக வேண்டும். நில எல்லையில் சோதித்தால் பழைய காயம் திறக்கும். வடக்குக்கும் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும் இடையே உள்ள கடலில் சோதித்தால், தங்களைச் சொந்த நாட்டிலிருந்தே பிரித்துவிட்டார்கள் என்று வடக்கில் பிரிட்டன் ஆதரவாளர்கள் கொதிப்பார்கள். ஜான்சன் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. அதை எதிர்த்து, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் அங்குள்ள ஜனநாயக ஒன்றியக் கட்சி 2022 பிப்ரவரியில் மாநில அரசிலிருந்து விலக, இரண்டு ஆண்டுகள் சட்டமன்றம் முடங்கிக் கிடந்தது. 2023 பிப்ரவரியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த வின்ட்சர் உடன்பாட்டில் சோதனைகள் தளர்த்தப்பட்டு, 2024 பிப்ரவரியில்தான் அங்கே அரசு மீண்டும் அமைந்தது. வாக்கெடுப்புப் பரப்புரையில் இந்த எல்லையைப் பற்றி இங்கிலாந்து மேடைகளில் பேசியவர்கள் மிகச் சிலரே. வட அயர்லாந்து மக்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்திருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் அது 62 விழுக்காடு.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். 2022-இல் போனாள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் அவளை உன் ஊருக்குப் போ என்று சொல்லியிருக்கிறார். விலகச் சொன்னவர்கள் எல்லோரும் நம்மை வெறுப்பவர்கள்தானா? நினைத்தால் தூக்கம் வரவில்லை. (வாசகி, சோழவந்தான்)

பதில்: அம்மா, உங்கள் மகளுக்கு நேர்ந்தது அவமதிப்பு, அதை எந்த அரசியல் காரணத்தாலும் மெழுகத் தேவையில்லை. வாக்கெடுப்புக்கு அடுத்த மாதமான 2016 ஜூலையில், இன அல்லது மத வெறுப்போடு நடந்ததாகப் பதிவான குற்றங்கள் முந்தைய ஆண்டு ஜூலையைவிட 41 விழுக்காடு கூடியிருந்தன. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நீடிப்பை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தம் தொகுதியிலேயே ஒரு தீவிர வலதுசாரியால் கொல்லப்பட்டார். இரண்டு குழந்தைகளின் தாய் அவர். அந்தப் பரப்புரை கிளப்பிய நச்சுக்கு இவை சாட்சி.

ஆனால் ஒரு கோடியே 74 லட்சம் பேரையும் அந்தப் பேருந்து நிறுத்தத்து மனிதரோடு சேர்த்து எண்ண வேண்டாம். பின்னாளில் பிரதமரான, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரிஷி சுனக் விலகலுக்கு வாக்களித்தவர். அன்று விவாதம் பெரிதும் போலந்து, ருமேனியா போன்ற ஒன்றிய நாடுகளிலிருந்து தடையின்றி வந்தவர்களைப் பற்றியது. 2021 ஜனவரியில் அந்த வழி அடைக்கப்பட்டு, தகுதிக்கு மதிப்பெண் கணக்கிடும் முறை ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் ஒன்றாகவே வந்தது. உங்கள் மகள் சென்ற ஆண்டில் அவரைப் போன்ற இந்தியச் செவிலியர்கள் பெருமளவில் பணியில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குடியேற்றம் குறையும் என்று நம்பி வாக்களித்தவர்கள், 2023-இல் ஓராண்டின் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை) 9 லட்சத்தைத் தாண்டியதைக் கண்டு ஏமாற்றமடைந்தார்கள். அந்த ஏமாற்றம் சில வேளைகளில் எளியவர் மேல்தான் இறங்குகிறது. மீண்டும் அப்படி நேர்ந்தால் காவல் துறையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவமனையில் உள்ள தொழிற்சங்கத்தில் உறுப்பினராகவும் சொல்லுங்கள். தனியாகச் சுமக்க விடாதீர்கள்.

கேள்வி: பொய் சொல்லித்தானே வென்றார்கள்? (வாசகர், மேலூர்)

பதில்: வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது, அதை மருத்துவச் சேவைக்குத் தருவோம் என்று சிவப்புப் பேருந்தில் எழுதி விலகல் அணியினர் ஊர் ஊராகச் சென்றார்கள். 1984-இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் பேசிப் பெற்ற கழிவு (செலுத்த வேண்டிய தொகையில் தள்ளுபடி) போக, அவ்வளவு தொகை அனுப்பப்படவே இல்லை. நாட்டின் புள்ளியியல் ஆணையமே அது மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று கண்டித்தது. நீடிப்பு அணியும் குற்றமற்றதன்று. விலக வாக்களித்தால் உடனடியாகப் பொருளாதாரத் தேக்கம் வரும், 5 லட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று நிதித்துறை அச்சுறுத்தியது; அது அப்படி நடக்கவில்லை. இழப்பு மெல்லத்தான் வந்தது. ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 விழுக்காடு குறைவாக இருக்கும் என்பது அரசின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.

கேள்வி: நம் ஊர்த் துணி வணிகத்துக்கு இதனால் நன்மை உண்டா? (ஜவுளி வணிகர், விளக்குத்தூண், மதுரை)

பதில்: உண்டு. ஒன்றியத்துக்குள் இருந்தவரை பிரிட்டன் தனியாக வணிக உடன்பாடு செய்ய இயலாது. விலகியதால்தான் 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு அது கையெழுத்திட முடிந்தது. துணி, ஆடை உள்ளிட்ட பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை நீக்க அந்த உடன்பாடு வகை செய்கிறது. விலகல் அணியினர் சொன்னவற்றுள் சொன்னபடி கைகூடியது இது.

கேள்வி: பிரிட்டன் திரும்பவும் சேர முடியுமா? (ஆசிரியை, பேரையூர்)

பதில்: சட்டப்படி முடியும்; விண்ணப்பித்தால் 27 உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். முதன்முறை சேரவே, 1963-இலும் 1967-இலும் பிரான்சின் அதிபர் சார்லஸ் டி கால் மறுத்த பிறகு, மூன்றாம் முயற்சியில்தான் இடம் கிடைத்தது. 2024-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ஒற்றைச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் திரும்பப்போவதில்லை என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. 2025 மே மாதம் லண்டனில் நடந்த சந்திப்பில், உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கப் பேசிக்கொண்டார்கள். அதே நாளில் ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன் பிடிக்கும் உரிமையை 2038 வரை நீட்டித்தார்கள். மீனவர் ஊர்கள் பெரும்பாலும் விலகலுக்கு வாக்களித்தவை. மீண்டும் சேரும் நாள் வந்தாலும் தாட்சர் பெற்ற கழிவும், யூரோ நாணயத்திலிருந்து பெற்ற விலக்கும் பழையபடி கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.