சிம்சிட்டி சந்தை விலை: ஆணி விற்பதா, சீமெந்து விற்பதா?

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, போனில் நகரம் கட்டும் விளையாட்டான சிம்சிட்டி பில்ட்இட் சந்தையைப் பற்றியவை. எழுதியவர்கள் எல்லோரும் கொழும்புக்காரர். எல்லோரிடமும் ஒரே கொதிப்பு.

அண்ணா, ஸ்டோரேஜ் (களஞ்சியம்) பெருப்பிக்கிற கமரா, லொக், பார் எண்ட மூண்டு சாமானையும், ஆட்டக்காரர் விக்கிற குளோபல் ட்ரேட் சந்தையில தேடியே ராத்திரி போகுது. கண்ணில பட்டாலும் அந்த நகரத்துக்குப் போறதுக்குள்ள வித்து முடிஞ்சிடுது. ஆக்கள் பதுக்கி வைக்கினமா? (வெள்ளவத்தை)

பதுக்கல் என்று நான் சொல்லமாட்டேன் தம்பி. ஒவ்வொரு சாமானுக்கும் உச்ச விலையை விளையாட்டைச் செய்த நிறுவனமே வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசுகூட எந்த விற்பனையாளராலும் கேட்க முடியாது. ஆசைப்படுகிறவர்கள் ஆயிரம் பேர், சாமான் பத்து. விலை ஏற வழியில்லாதபோது சாமான் தட்டிலிருந்து மறைந்துவிடும். 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு கிலோ 230, கீரி சம்பாவுக்கு 260 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டதும் கீரி சம்பா தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியது நினைவிருக்கும். இங்கேயும் நடப்பது அதேதான்.

ஸ்டோரேஜ் சாமான்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. களஞ்சியத்தைப் பெருப்பிக்க மூன்றும் சம அளவில் வேண்டும், ஒவ்வொரு முறையும் கூடுதலாக வேண்டும். ஆகவே முன்னேறிய ஆட்டக்காரருக்கும் மிச்சம் இருப்பதில்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஒரு வகைதான். உங்களிடம் கமரா குவிந்து கிடக்கும், இன்னொருவரிடம் பார் குவிந்து கிடக்கும். அதனால் சந்தையில் தேடுவதை விட்டுவிட்டு மேயர் கிளப் (ஆட்டக்காரர் குழு) ஒன்றில் சேருங்கள். கிளப் சட்டில் பேசி, கமராவுக்கு பார் என்று ஒன்றுக்கு ஒன்று மாற்றுங்கள். ட்ரேட் டிப்போவில் (உங்கள் சாமானை விற்பனைக்கு வைக்கும் இடம்) போடும்போது விளம்பரம் செய்யும் தெரிவை நீக்கிவிட வேண்டும். விளம்பரம் செய்தால் அது பல ஆட்டக்காரரின் திரையில் ஒரே நேரத்தில் தெரியும். நீங்கள் போய்ச் சேருமுன் வித்து முடிவதும் இதனால்தான். நகரத்தில் மிதக்கும் பேச்சுக் குமிழ்களையும் தட்டாமல் விடாதீர்கள், இந்தச் சாமான்கள் இலவசமாக வரும் வழிகளில் அதுவும் ஒன்று.

ஆணியை விட சீமெந்துக்குக் கூட விலை. அதையே செய்து வித்தும் காசு சேருதில்லை. ஏன்? (தெஹிவளை)

நீங்கள் விலையைப் பார்க்கிறீர்கள், நேரத்தைப் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆணி ஒன்றுக்கு உச்ச விலை 80 சிமோலியன் (விளையாட்டுக் காசு). அதற்கு இரண்டு உலோகம் போகும். ஒரு உலோகம் 10 என்றால் மிச்சம் 60. விளையாட்டுக் கடையில் அதைச் செய்ய ஆகும் நேரம் 5 நிமிடம். அப்படியானால் நிமிடத்துக்கு 12.

சீமெந்து 440. இரண்டு கனிமம் (ஒன்று 40), ஒரு இரசாயனம் (60) கழித்தால் 300 மிஞ்சும். ஆனால் 50 நிமிடம் எடுக்கும், நிமிடத்துக்கு 6. செங்கல் 190 விலை, இரண்டு கனிமம் போக 110, நேரம் 20 நிமிடம், ஐந்தரைதான். பலகை இன்னும் மோசம்: 120 விலை, 30 நிமிடம், இரண்டு மரத்துக்கு 40 போனால் நிமிடத்துக்கு மூன்றுகூட வராது.

இது கடையைத் தரமுயர்த்தாதபோது உள்ள கணக்கு. மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலையையும் சேர்த்துப் பாருங்கள். உலோகம் 1 நிமிடத்தில் வந்துவிடும், கனிமம் 30 நிமிடம், இரசாயனம் 2 மணித்தியாலம். சீமெந்துக்குப் பின்னால் ஓடுகிறவரின் தொழிற்சாலை இரசாயனத்திலேயே அடைபட்டுக் கிடக்கும்.

அதனால் என் யோசனை இது. பஸ்ஸில் இருக்கிறீர்கள், போன் கையில் இருக்கிறது என்றால் ஆணி. வேலைக்குள் இறங்கப் போகிறீர்கள், படுக்கப் போகிறீர்கள் என்றால் சீமெந்து. படுக்கும்போது ஆணியை வரிசையில் போட்டுவிட்டுத் தூங்குவது வீண். அரை மணியில் முடிந்து, விடியும்வரை கடை சும்மா நிற்கும். ஆணிக்கு வாங்க ஆள் கிடைக்குமா என்று பயப்படத் தேவையில்லை. வீடு கட்டாத ஆட்டக்காரர் யாரும் இல்லையே.

சிலர் அரை விலைக்கும் குறைவாகப் போடுறாங்க. எங்கட வியாபாரத்தைக் கெடுக்கத்தானே? (கொட்டாஞ்சேனை)

இல்லை. பெரும்பாலும் களஞ்சியம் நிரம்பிவிட்ட ஆக்கள், இடம் வேண்டி ஒதுக்குகிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இடம் இருந்தால்.

உச்ச விலையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகாதா? நிறுவனம் ஏன் செய்யமாட்டேன் என்கிறது? (பம்பலப்பிட்டி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சுதந்திரச் சந்தை உள்ள விளையாட்டுகள் இருக்கின்றன. ஈவ் ஒன்லைனில் விலையை ஆட்டக்காரர்களே தீர்மானிக்கிறார்கள். அந்தச் சந்தையைக் கவனிக்க 2007இல் நிறுவனம் ஒரு பொருளியலாளரையே வேலைக்கு எடுத்தது. ஆனால் மறுபக்கம் டயப்லோ 3. அங்கே ஏலச்சந்தை திறந்தபோது ஆட்டக்காரர்கள் அரக்கனை அடிப்பதை விட்டு ஏலம் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் 2014 மார்ச் 18இல் அதை மூடியே விட்டார்கள்.

சிம்சிட்டியில் உச்ச விலை போனால், பல வருடம் காசு சேர்த்தவர்கள் கமராவுக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பார்கள். நேற்று சேர்ந்த பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே உச்ச விலை இருக்கட்டும் என்பதே என் கட்சி. ஆனால் சாமான் வரவு போதாதது உண்மையான குறை. விலையை அடக்கி வைத்தால் குமிழ்களில் சாமான் வருவதையாவது கூட்ட வேண்டும். அதைக் கேட்க ஆட்டக்காரருக்கு முழு உரிமை உண்டு.

மகனுக்கு பன்னிரண்டு வயது. சந்தையில சாமான் கிடைக்கேல்லை எண்டு என்ட கார்ட்டில சிம்கேஷ் (விளையாட்டுக்குள்ள செலவழிக்கிற பணம்) வாங்கிட்டான். காசைத் திருப்பி எடுக்கலாமா? (முகத்துவாரம்)

இன்றைக்கே செய்யுங்கள் அக்கா. அன்ட்ரொயிட் போன் என்றால் கூகிள் பிளேயில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வசதி இருக்கிறது. வாங்கி 48 மணித்தியாலத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு பிளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். பிள்ளையை ஏசுவதோடு நிறுத்தாமல், மேலே சொன்ன கிளப் வழியையும் காட்டிக்கொடுங்கள். அவனுடைய அவசரம் நிஜமானது, விளையாட்டு அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டிருக்கிறது.

வெளியில ஒருத்தர் கமரா, லொக் எல்லாம் ரூபாவுக்கு விக்கிறார். வாங்கலாமா? (மருதானை)

வேண்டாம். இப்படி விற்பது விளையாட்டின் விதிகளுக்கு விரோதம், கணக்கே முடக்கப்படலாம். காசு அனுப்பிய பிறகு அவர் பதில் சொல்லாவிட்டால் முறையிட நிறுவனமும் இடம் தராது. கடவுச்சொல் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.