கிளிக்கர் அழுத்தியும் நாய் ஏன் வருவதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய் ஜிம்மிக்கு ஒன்றரை வயது. ரொம்பப் பாசமானவள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் முன்னங்கால்களைத் தூக்கி மேலே பாய்கிறாள். அதட்டிப் பார்த்தோம், தள்ளிவிட்டுப் பார்த்தோம், குறையவில்லை. ஆன்லைனில் ஒரு கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி) வாங்கி, அதை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டேன். ஒரு வாரத்தில் அந்தச் சத்தத்தைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டாள். அடுத்த மாதம் என் அம்மா வந்து தங்கப்போகிறார். அவருக்கு முழங்கால் வலி. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: செய்யலாம். ஒரு மாதத்தில் நன்றாகவே முன்னேற முடியும். ஆனால் கிளிக்கரை அழுத்திக் கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது நாயைக் கூப்பிடுவதற்கான கருவி அல்ல. நாய் ஒரு நல்ல காரியத்தைச் செய்த அதே நொடியில், 'இதற்காகத்தான் உனக்குத் தீனி வருகிறது' என்று சொல்வதற்கான சத்தம் அது. நீங்கள் பையில் கைவிட்டு கோழித்துண்டை எடுத்து நீட்டுவதற்குள் இரண்டு மூன்று நொடி ஓடிவிடும். அதற்குள் உட்கார்ந்திருந்த நாய் எழுந்து, திரும்பி, ஒருமுறை குரைத்துக்கூட முடித்திருக்கும். தீனி எதற்குக் கிடைத்தது என்று அதற்கு எப்படிப் புரியும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் கிளிக்.

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஜிம்மி எந்த அறையில் இருந்தாலும் ஓடிவருவாள், இல்லையா? அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தின்ன ஏதோ வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளே கற்றுக்கொண்டாள். கிளிக் விஷயத்திலும் சரியாகத்தான் கற்றிருக்கிறாள்: இந்தச் சத்தம் வரும், ஆனால் எதுவும் கிடைக்காது.

இந்த முறையின் பின்னணி தெரிந்தால் அதன் மேல் நம்பிக்கை வரும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரெலண்ட், மேரியன் பிரெலண்ட் தம்பதி 1940-களிலேயே விலங்குகளை இப்படிப் பழக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் டால்பின் பயிற்சியாளர்கள் கிளிக்குக்குப் பதில் விசிலைப் பயன்படுத்தினார்கள். நீந்திப் போகும் டால்பினுக்குக் கயிறு கட்டவும் முடியாது, அதை அடித்து வழிக்குக் கொண்டுவரவும் முடியாது. டால்பின்களோடு வேலை செய்த கேரன் பிரையர்தான் 1990-களில் இதை நாய் வளர்ப்பவர்களிடையே பரவலாக்கினார். கம்போடியாவில் கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்து 2020-இல் தங்கப் பதக்கம் பெற்ற மகாவா என்ற ஆப்பிரிக்கப் பெரிய எலியும் கிளிக்கும் தீனியுமாகத்தான் பழகியது. எலிக்கே கற்றுக்கொடுக்க முடிகிறபோது ஜிம்மிக்கு முடியாதா என்ன!

சரி, இப்போது ஜிம்மிக்கு வருவோம். முதல் இரண்டு நாள் அவளிடம் எதையும் கேட்காதீர்கள். அமைதியான அறையில் உட்கார்ந்து, ஒரு கிளிக், உடனே ஒரு துண்டு. மறுபடி ஒரு கிளிக், ஒரு துண்டு. கிளிக் கேட்டதும் 'எங்கே?' என்று உங்கள் கையைத் தேடிப் பார்த்தாள் என்றால் சத்தத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. இனி அந்த மதிப்பைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. தவறிப்போய் அழுத்திவிட்டாலும் துண்டு கொடுத்தே ஆகவேண்டும். குழந்தைகள் கையில் கிளிக்கரை விளையாடக் கொடுக்காதீர்கள். அவளுடைய காதுக்குப் பக்கத்தில் வைத்தும் அழுத்தாதீர்கள். சத்தத்துக்கு மிரண்டால் துணியில் சுற்றி அழுத்துங்கள், அல்லது பட்டன் உள்ள பால்பாயிண்ட் பேனாவைப் பயன்படுத்துங்கள்.

தீனி பட்டாணி அளவு இருந்தால் போதும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழிக்கறி அருமையாக வேலை செய்யும். கறி சமைக்காத வீடென்றால் கடையில் விற்கும் நாய்த் தீனியே போதும். பிஸ்கட் வேண்டாம்: மென்று முடிக்க நேரமாகும், சர்க்கரையும் மாவும் அதிகம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புக் கறி, திராட்சை, சாக்லேட் எதுவும் கூடாது, நாய்களுக்கு இவை நஞ்சு. பயிற்சியில் தின்ற அளவை வேளைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், அதுவும் அவளுக்குக் கொஞ்சம் பசி இருக்கும்போது.

இனி பாய்வதைப் பற்றி. நீங்கள் அவளைத் தள்ளிவிட்டது உங்களுக்குக் கண்டிப்பு. அவளுக்கோ யாரோ தன்னைத் தொட்டார்கள், பேசினார்கள், முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவள் தேடியதும் அதுதானே! 'பாயாதே' என்பதை நாய்க்குக் கற்றுக்கொடுப்பது கடினம். நான்கு காலும் தரையில் இருப்பதை எளிதாகக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அவளை ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டுங்கள். கழுத்துப்பட்டையைவிட உடம்பில் மாட்டும் பட்டை நல்லது. பத்தடி தள்ளி நின்று மெதுவாக அவளை நோக்கி நடங்கள். கண்ணை அவள் முன்னங்கால்களிலேயே வைத்திருங்கள். பாயப்போகும் நாய் உடம்பின் பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றும், தோள் லேசாக மேலே எழும். அதற்கு முன்பே, பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கும்போதே கிளிக் செய்யுங்கள். துண்டைக் கையில் நீட்டாமல் அவள் கால்களுக்கு நடுவே தரையில் போடுங்கள். உயரத்தில் நீட்டினால் அதற்காகவே எம்புவாள். தரையில் விழுந்தால் மூக்கு கீழே போகும், காலும் கீழேயே இருக்கும். பாய்ந்துவிட்டாளா? கிளிக் இல்லை, திட்டும் இல்லை, பேசாமல் திரும்பி இரண்டடி பின்னால் போங்கள். பாதங்கள் தரைக்கு வந்ததும் மறுபடி நெருங்குங்கள். நீங்கள் பக்கத்தில் வந்து நின்றாலும் அமைதியாக இருக்கிறாள் என்றானபிறகு, வீட்டில் இன்னொருவரை வந்தவர்போல் நடிக்கச் சொல்லுங்கள். காலிங் பெல்லைத் தனியாகப் பழக்குங்கள்: பெல் அடித்தவுடனே கிளிக், துண்டு, கதவைத் திறக்கவே வேண்டாம். கடைசியில்தான் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

நடுவில் சில நாள் அவள் முன்னைவிட வேகமாகப் பாயக்கூடும். இதுவரை பலித்தது திடீரென்று பலிக்கவில்லை என்றால் நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும், அது இயல்பு. மிகவும் கவனமாக இருக்கவேண்டிய நேரமும் இதுதான். வீட்டில் ஒருவர், 'பாவம், பாசத்தில்தானே வருது' என்று அந்த நேரத்தில் தடவிக்கொடுத்தால், இன்னும் பலமாகப் பாய்ந்தால் கிடைக்கும் என்றுதான் ஜிம்மி கற்றுக்கொள்வாள். எல்லோரிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பழக்கம் முடியும்வரை நிஜமாகவே விருந்தாளி வந்தால் அவளை உள்ளறையில் விடுவது தப்பே இல்லை.

அம்மா வரும் அன்று பயிற்சியை நம்பி அவளை அவிழ்த்துவிடாதீர்கள். அம்மா உள்ளே வந்து நாற்காலியில் வசதியாக உட்காரட்டும். பிறகு ஜிம்மியைக் கயிற்றோடு கூட்டிவாருங்கள். கிளிக்கர் உங்கள் கையில், துண்டுகள் அம்மா கையில். நீங்கள் கிளிக் செய்ததும் அம்மா ஒரு துண்டைத் தரையில் போடட்டும். முதல் வாரம் முழுக்க இப்படியே, அவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். அவர் எழுந்து நடக்கும்போது கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். ஜிம்மி எப்போதும் தரையிலேயே நிற்கப் பழகியபின் கிளிக்கரை எடுத்துவைத்துவிடலாம், தீனியை மட்டும் அவ்வப்போது கொடுத்துவாருங்கள். பாய்வதோடு உறுமலோ பல்லைக் காட்டுவதோ சேர்ந்திருந்தால் இந்தப் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.