கூட்டுக் காசு மட்டும் எப்படித் தவறுவதில்லை?

கேள்வி: எனக்கு 41 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பசாரில் காலையில் நாசி லெமாக் விற்கிறேன். கணவர் செம்பனை லாரி ஓட்டுகிறார், காண்ட்ராக்ட் வேலை. இருவருக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்தம் இல்லை. வயதான காலத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைக்கிறேன். பேச்சை எடுத்தால் கணவர், "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார். எங்களால் மட்டும் ஏன் முடியவில்லை, அக்கா?

பதில்: தங்கச்சி, நீங்கள் கூட்டு, அதாவது பலர் மாதாமாதம் காசு போட்டு முறைவைத்து ஒருவர் எடுக்கிற சீட்டு, கட்டுகிறீர்கள்தானே? கட்டாமல் இருக்க மாட்டீர்கள். மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்), மழையோ வெயிலோ தவறாது. தவறினால் கூட்டு பிடிக்கிற அம்மா வாசலில் வந்து, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடுவார். கிழவயசுக் காசுக்கு அப்படி வந்து நிற்க ஆளில்லை. உங்களுக்கு மனசு இல்லாமல் இல்லை.

உங்கள் கணவரையும் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடே வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்று யார் முன்கூட்டி யோசித்தார்கள்? என் அப்பா பால்மரம் வெட்டியவர். 1987இல் 55 வயதானதும் இபிஎஃப் பணம் 11,000 வெள்ளி மொத்தமாகக் கைக்கு வந்தது. அக்கா கல்யாணம், அண்ணனுக்கு மோட்டார், கேட்டவர்களுக்குக் கைமாற்று. அடுத்த தைப்பூசத்துக்குள் மைலோ டின்னில் மிச்சம் இருந்தது இபிஎஃப் கடிதமும் மூன்று ரப்பர் பேண்டும்தான். அப்புறம் 68 வயது வரை ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா (காவல்காரர்) வேலை. இரவு அவர் எடுத்துப் போகும் டார்ச் லைட்டைப் பார்த்துத்தான் நான் சேர்க்க ஆரம்பித்தேன். வங்கியில் போட்டுக் காட்டிய எந்தக் கணக்கும் என்னை அசைத்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இபிஎஃப்பில் ஐ-சாரான் திட்டம் இருக்கிறது. 60 வயது ஆகாதவர்கள் சேரலாம். 2025 முதல், நீங்கள் போடும் பணத்துக்கு 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்த்துத் தருகிறது: ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் 5,000 வரை. மாதம் 200 போட்டால் வருடத்துக்கு 2,400. அதற்கு 480 வெள்ளி கிடைக்கும். எந்தக் கூட்டில் இது வரும்? ஈவுத்தொகை வேறு. பணம் மாட்டிக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். போடுவதில் 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற கணக்கில் நிற்கும்.

கணவர் உண்மையிலேயே சொந்தமாக ஓட்டுகிறாரா, சம்பளத்துக்கா என்று விசாரியுங்கள். சம்பளம் என்றால் முதலாளி அவர் இபிஎஃப்புக்கு 12 அல்லது 13 விழுக்காடு கட்டியாக வேண்டும்; பேருக்குக் காண்ட்ராக்ட் என்று சொல்லித் தப்புகிறவர்களும் உண்டு.

இப்போதைய கூட்டு முடிந்ததும் அடுத்ததில் சேராமல், அதே தேதியில் இதைக் கட்டுங்கள். கைப்பேசியில் கட்டும் வேலையை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். "அம்மா, இந்த மாசக் காசு எங்கே?" என்று அது வந்து நிற்கட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் கணவர்தானே சொன்னார்.