வரியை வைத்துப் பேரம்: சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் பல வருஷமாக ஏற்றுமதி ஆவண வேலை பார்க்கிறேன். 2025ல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டிருந்தபோது நம்மூர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணா, அமெரிக்கா போட்ட 50 சதவீதத்தை நான் கட்டணுமா? (துண்டு ஏற்றுமதி, கொண்டலாம்பட்டி)

அங்கே சரக்கை இறக்குகிற பையர்தான் கட்டுவார். ஆனால் அடுத்த போனிலேயே விலையைக் குறைக்கச் சொல்வார். 2025 ஆகஸ்டில் நமக்கு 50 ஆனபோது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான். நம்மை அடித்தது அந்த 30 புள்ளி வித்தியாசம். எல்லோருக்கும் 50 என்றிருந்தால் பையர் வேறு எங்கே போவார்?

அதில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காகவாமே? என் துண்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை தம்பி. உங்களுக்கு வலித்தால் நீங்கள் டெல்லியிடம் முறையிடுவீர்கள் என்பதுதான் கணக்கு.

நாமும் இதைச் செய்திருக்கிறோம். 2018ல் அமெரிக்கா இரும்புக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டது. 2019 ஜூனில் நமக்கிருந்த வரிச் சலுகையையும் பறித்தது. அதே மாதம் நாம் பாதாம், வால்நட், ஆப்பிள் உட்பட 28 பொருட்களுக்கு வரியைக் கூட்டினோம். இரும்புச் சண்டையில் வாஷிங்டன் மாநில ஆப்பிள் விவசாயிக்கு என்ன பங்கு? 2023ல் ஆறு உலக வர்த்தக அமைப்பு வழக்குகள் சமரசமாகி, அந்தக் கூடுதல் வரி நீங்கும்வரை நான்கு வருஷம் அவர் சந்தையை இழந்து நின்றார். உங்கள் தறிகள் நிற்பதைப் பார்க்கும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

சார், எப்போது இந்த வரி மிரட்டல் பலிக்கும்? (பொருளாதார மாணவி, பெரியார் பல்கலைக்கழகம்)

எதிராளிக்கு மாற்றுவழி இல்லாதபோது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனாவுக்கு வரியை 145 சதவீதம் வரை ஏற்றியது. சீனா 125 போட்டு, மின்னணுப் பொருட்களுக்குத் தேவையான அரிய மண் தாதுக்களின் ஏற்றுமதியையும் இறுக்கியது. மே மாதமே ஜெனீவாவில் அமெரிக்கா 30, சீனா 10 என்று இருவரும் இறங்கினார்கள்.

இன்னொன்றும் வேண்டும்மா: பேரம் முடிந்தால் வரி போய்விடும் என்று எதிராளி நம்பணும். ஐரோப்பா கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964ல் அமெரிக்கா சிறு லாரிகளுக்கு 25 சதவீதம் விதித்தது. கோழிச் சண்டை மறந்தே போச்சு; லாரி வரி இன்றும் இருக்கிறது. அதன் நிழலில் வளர்ந்த உள்ளூர் கம்பெனிகள் எடுக்க விடுமா?

காபிக்கு விலக்கு கிடைத்ததே, எப்படி? (எஸ்டேட், ஏற்காடு)

அவர்கள் மண்ணில் ஹவாய் போன்ற ஓரிரு இடம் தவிர காபி விளையாது. வீட்டுச் செலவு ஏறி ஜனங்கள் முணுமுணுத்ததும், 2025 நவம்பரில் காபி, டீ, மசாலாப் பொருட்களைப் பரஸ்பர வரியிலிருந்து (நாடு வாரியாக அமெரிக்கா போட்ட கூடுதல் வரி) நீக்கினார்கள். உங்கள் நிழல் மரத்தில் ஏறும் மிளகுக்கும் அதில் இடம் கிடைத்தது.

அடுத்த ஆர்டருக்கு நான் என்ன செய்யட்டும்?

டி.டி.பி. (வரியும் கட்டி பையர் இடத்தில் சேர்ப்பது) என்று கையெழுத்துப் போடாதீர்கள். அதில் வரி முழுக்க உங்கள் தலையில் விழும். எப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் பொறுப்பு முடிவது) கேளுங்கள். இடையில் வரி மாறினால் யார் எவ்வளவு ஏற்பது என்பதை, நூல் வாங்குவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.